கலப்புப் படகில் யாருக்கு எத்தனை இருக்கை?

2025 செப்டம்பரில் சீனாவின் ஷாங்காய் நகரில் நடந்த உலக ரோயிங் சாம்பியன்ஷிப்பில் இரண்டு பந்தயங்கள் புதிதாகச் சேர்ந்தன. ஒன்று, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து துடுப்பு வலிக்கும் இரட்டையர் படகு. மற்றது, நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் துடுப்பு பிடிக்க, திசையைக் கவனித்துக் குரல் கொடுக்கும் ‘காக்ஸ்’ ஒன்பதாவது ஆளாக உட்காரும் எட்டுப்பேர் படகு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் ஒரு கலப்புப் பந்தயம் வருகிறது. மணலில் ஓடிவந்து படகில் ஏறி, அலைக்குள் 250 மீட்டர் போய், திரும்பி வந்து மறுபடி மணலில் ஓடி முடிக்கும் கடற்கரை ரோயிங்கில் அது ஒரு பிரிவு. ஆணும் பெண்ணும் ஒரே படகில் ஒரே பதக்கத்துக்காக உழைப்பதைப் பார்ப்பது மகிழ்ச்சியான காட்சி. அதே நேரத்தில் இது ஒரு பழைய கேள்வியைக் கூர்மையாக்குகிறது. கலப்பு அணி என்று பெயர் வைத்துவிட்டால் போதுமா? எத்தனை பெண்கள் இருந்தால் அது கலப்பு அணி? அந்த எண்ணிக்கையை விதி எப்படிச் சொல்ல வேண்டும்?

விதிகள் ஒன்றுபோல் இல்லை. ரோயிங்கின் உலக அமைப்பான ‘வேர்ல்ட் ரோயிங்’ கலப்பு அணிக்குச் சொல்லும் கணக்கு எளிது: காக்ஸை விட்டுவிட்டு எண்ணினால் பாதிப்பேர் பெண்கள், பாதிப்பேர் ஆண்கள். 27 வயதை எட்டியவர்களுக்கான ‘மாஸ்டர்ஸ்’ போட்டிகளில் நெடுநாளாகவே இதுதான் நடைமுறை. பாராலிம்பிக்கின் நால்வர் படகிலும் இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். காக்ஸ் யாராகவும் இருக்கலாம். டிராகன் படகுப் போட்டிகளுக்கு வந்தால் கணக்கு தளர்கிறது. அங்கே இருபது பேர் துடுப்பு போடும் பெரிய படகில் ‘குறைந்தது 8 பெண்கள்’ என்று கேட்கும் விதி பரவலாக இருக்கிறது. உள்ளூர்க் கேளிக்கைப் போட்டிகளில் அதையும் குறைத்து, ‘சில பெண்களாவது’ இருந்தால் போதும் என்று நடத்துகிறவர்களும் உண்டு. பார்வைக்கு இந்த வேறுபாடு சிறியது. பாதி என்பதற்கும் பாதிக்குச் சற்றுக் கீழே என்பதற்கும் யார் சண்டை போடுவார்கள் என்று தோன்றும். ஆனால் ஒரு கலப்புப் போட்டி நியாயமானதா என்பது அந்தச் சிறிய இடைவெளியில்தான் தீர்மானமாகிறது என்பது என் வாதம். குறைந்தபட்சம் என்று விதி எந்த எண்ணைச் சொல்கிறதோ, எல்லாப் படகும் அந்த எண்ணோடுதான் கரையை விட்டுக் கிளம்பும். அதனால் அந்த எண் பாதிக்குக் கீழே இருக்கக் கூடாது.

இதை உணர்ச்சியை வைத்துச் சொல்லவில்லை. தண்ணீரின் கணக்கை வைத்துச் சொல்கிறேன். படகை இழுத்துப் பிடிக்கும் தண்ணீரின் தடை, வேகத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது. அதனால் தேவைப்படும் திறன் வேகத்தின் கன அளவில் ஏறுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்க எட்டு மடங்கு உழைப்பு வேண்டும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், துடுப்பாளர்களின் திறனில் பெரிய வித்தியாசம் இருந்தாலும் படகின் வேகத்தில் அது சிறிதாகவே தெரியும். ஜெர்மனியின் ஆண்கள் எட்டுப்பேர் படகு 2017-இல் 2000 மீட்டரை 5 நிமிடம் 18.68 விநாடியில் கடந்தது. அமெரிக்கப் பெண்கள் 2013-இல் 5 நிமிடம் 54.16 விநாடியில் கடந்தார்கள். நேரத்தில் வித்தியாசம் சுமார் 11 சதவீதம். கன அளவுக் கணக்கில் போட்டால் பெண்கள் படகின் திறன் ஆண்கள் படகின் திறனில் ஏறத்தாழ 73 சதவீதம். காற்று, நீரோட்டம், உடல் எடை, படகின் அளவு என்று இதில் சேராதவை பல உண்டு. ஆனாலும் தோராயமாக யோசிக்க இது போதும். இப்போது நான்கு ஆண்கள், நான்கு பெண்கள் கொண்ட படகையும், ஐந்து ஆண்கள், மூன்று பெண்கள் கொண்ட படகையும் அருகருகே நிறுத்துவோம். மாறியது ஒரே ஓர் இருக்கை. மொத்தத் திறன் கிட்டத்தட்ட 4 சதவீதம் கூடுகிறது, வேகம் சுமார் 1.3 சதவீதம். 2000 மீட்டரின் முடிவில் அது நான்கு விநாடிக்கும் மேல், தூரத்தில் 25 மீட்டர் அளவு. எட்டுப்பேர் படகின் நீளமே ஏறக்குறைய 18 மீட்டர்தான். ஓர் இருக்கையை மாற்றியதால் ஒரு முழுப் படகு நீளத்துக்கும் அதிகமான முன்னிலை கிடைக்கிறது. உலக அளவிலான இறுதிப்போட்டிகளில் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையே பல நேரங்களில் ஒரு விநாடிகூட இருப்பதில்லை.

இந்தக் கணக்கு பயிற்சியாளர்களுக்குத் தெரியும். அதனால்தான் ‘குறைந்தது இத்தனை பெண்கள்’ என்ற விதி அவர்கள் கைக்கு வந்ததும் ‘அதிகபட்சம் இத்தனை பெண்கள்’ என்று மாறிவிடுகிறது. டிராகன் படகையே எடுத்துக்கொள்வோம். 8 பெண்கள் போதும் என்றால், வெற்றியை விரும்பும் எந்த அணியும் ஒன்பதாவது பெண்ணை ஏற்றாது. 10 பேருக்குப் பதில் 8 பேர் என்பதால் 500 மீட்டரில் கிடைக்கும் லாபம் ஏறத்தாழ 5 மீட்டர். நெருக்கமான போட்டியில் அதை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஒரு கழகத்தில் நன்றாகத் துடுப்பு போடும் பெண்கள் பத்துப் பேர் இருந்தால், இந்த விதி அவர்களில் இருவரைக் கரையில் உட்கார வைக்கிறது. அவர்களைவிடச் சிறந்த பெண்கள் கிடைத்ததால் அவர்கள் இடம் இழக்கவில்லை. விதி அந்த இரண்டு இடங்களையும் ஆண்களுக்குத் திறந்து வைத்திருப்பதால் இழக்கிறார்கள். பெண்களைச் சேர்ப்பதற்காக எழுதப்பட்ட விதியே அவர்களை வெளியே நிறுத்தும் கதவாகிறது. பயிற்சியாளர்மேல் இதில் எனக்குக் கோபம் இல்லை. அவர் விதி அனுமதிப்பதைத்தான் செய்கிறார், செய்யவும் வேண்டும். பிழை விதியை எழுதியவர்களுடையது.

காக்ஸை எண்ணிக்கையில் சேர்ப்பதா இல்லையா என்பதும் இதோடு ஒட்டிய கேள்வி. காக்ஸ் துடுப்பு பிடிப்பதில்லை; படகைச் செலுத்துகிறார், தாளத்தைக் கட்டிக் காக்கிறார், எப்போது வேகம் கூட்டுவது என்று சொல்கிறார். எடை குறைந்தவராக இருப்பது நல்லது என்பதால் அந்த இருக்கைக்குப் பெண்கள் வருவது வெகுநாள் வழக்கம். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆண்கள் படகுப் பந்தயத்தில் 1981-இல் ஆக்ஸ்போர்டு படகை நடத்திய சூ பிரவுன்தான் அந்தப் பந்தயத்தில் இடம்பெற்ற முதல் பெண். அது பெருமைக்குரிய சாதனை. ஆனால் அவர் இருந்ததால் அந்தப் படகைக் கலப்பு அணி என்று யாரும் அழைக்கவில்லை, அழைக்காததே சரி. உள்ளூர்ப் போட்டி ஒன்று காக்ஸையும் பெண்கள் கணக்கில் எழுதிக்கொள்ள விட்டால், துடுப்பு பிடித்த பெண்களில் ஒருவரை இறக்கிவிட்டு ஆணை ஏற்றுவதற்கு அது நேரான வழி. வேர்ல்ட் ரோயிங் இதைத் தெளிவாகப் பிரித்தது. 2017 முதல் காக்ஸ் எந்தப் பாலினத்தவராகவும் இருக்கலாம். குறைந்தபட்ச எடை எல்லோருக்கும் 55 கிலோ. அதற்குக் குறைந்தால் சுமை ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டே போலந்தின் போஸ்னான் நகரில் நடந்த உலகக் கோப்பையில் நியூசிலாந்துப் பெண்கள் எட்டுப்பேர் படகை சாம் பாஸ்வர்த் என்ற ஆண் நடத்தித் தங்கம் வாங்கிக் கொடுத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே நாட்டுப் பெண்கள் வெள்ளி வென்றபோது காக்ஸ் இருக்கையில் இருந்தவர் கேலப் ஷெப்பர்ட், அவரும் ஆண். காக்ஸின் வேலையில் உடல்வலிமை பந்தயத்தைத் தீர்மானிப்பதில்லை, ஆகவே அந்த இருக்கைக்கு ஒதுக்கீடு வேண்டாம். துடுப்பு இருக்கைகளில் வலிமை தீர்மானிக்கிறது, ஆகவே அங்கே வேண்டும். எங்கே ஒதுக்கீடு தேவை, எங்கே தேவையில்லை என்று பிரிக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

குறைத்து வைத்த அளவு காலப்போக்கில் இயற்கையின் அளவாகவே எண்ணப்படும் என்பதற்கு ரோயிங்கின் சொந்த வரலாறே சாட்சி. பெண்களுக்கான ஐரோப்பிய சாம்பியன்ஷிப் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது 1954-இல்; ஒலிம்பிக்கில் பெண்கள் ரோயிங் நுழைந்தது 1976-இல், மான்ட்ரியலில். ஆண்கள் 2000 மீட்டர் போக, பெண்களுக்கு அதில் பாதி, 1000 மீட்டர். 1984 வரை ஒலிம்பிக்கில் அப்படியே நடந்தது. 1985-இல் உலக சாம்பியன்ஷிப்பிலும் 1988-இல் சியோல் ஒலிம்பிக்கிலும்தான் பெண்களும் 2000 மீட்டருக்கு வந்தார்கள். பெண்களின் உடல் அதைத் தாங்குமா என்ற சந்தேகம் பிறகு யாருக்கும் எழவில்லை. தூரம் பாதியாக இருந்தவரை, அந்தப் பாதித் தூரத்துக்கு ஏற்ற துடுப்பாளர்களைத்தான் நாடுகள் தேர்ந்தெடுத்தன, அதற்கேற்பத்தான் பயிற்சி கொடுத்தன. விதி ஓர் எல்லையை வரைகிறது; அந்த எல்லைக்கு உள்ளேயே ஆட்கள் உருவாகிறார்கள்; பிறகு அவர்களையே காட்டி ‘இவ்வளவுதான் முடியும்’ என்கிறோம். ‘20 பேரில் 8 பெண்கள்’ என்ற விதியிலும் எனக்கு இந்த ஆபத்துதான் தெரிகிறது.

இதற்கு எதிராக முதலில் வரும் வாதம் சிறிய கழகங்களுடையது, அதில் நேர்மையும் இருக்கிறது. “எங்களிடம் துடுப்பு பிடிக்கத் தெரிந்த பெண்கள் மூன்றே பேர். நான்கு பேர் கட்டாயம் என்றால் நாங்கள் போட்டிக்கே வர முடியாது. விதியைத் தளர்த்தினால் அந்த மூன்று பேராவது படகில் ஏறுவார்கள்” என்பது அவர்கள் கேட்பது. இது உண்மையான சிரமம். ஆனால் ரோயிங்கில் படகு எட்டுப்பேருக்கு மட்டும் இல்லை. மூன்று பெண்களும் ஐந்து ஆண்களும் கொண்ட கழகம் கலப்பு நால்வர் படகு ஒன்றையும், கலப்பு இரட்டையர் ஒன்றையும், ஆண்கள் இரட்டையர் ஒன்றையும் இறக்கலாம்; எட்டுப்பேரும் தண்ணீரில் இருப்பார்கள். போட்டி நடத்துகிறவர்கள் அந்தச் சிறிய படகுகளுக்கு இடம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கும் மேலாக, ஆட்கள் இல்லை என்பதற்காக விதியைத் தாழ்த்தினால் ஆட்கள் ஒருபோதும் வர மாட்டார்கள். அமெரிக்காவில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972-இல் வந்தபின்னும் பல இடங்களில் எதுவும் மாறவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி முடித்த பெண்களுக்குப் படகுத்துறையில் குளிக்க இடமில்லை. ஆண்கள் வெந்நீரில் குளித்து வரும்வரை நனைந்த உடையோடு குளிரில் பேருந்தில் காத்திருந்தார்கள். 1976 மார்ச்சில் அணித் தலைவி கிறிஸ் எர்ன்ஸ்ட் உட்பட 19 பெண்கள் விளையாட்டு நிர்வாகியின் அலுவலகத்துக்குள் போய், உடலில் அந்தச் சட்டத்தின் பெயரை எழுதிக்கொண்டு, ஆடைகளைக் களைந்து நின்றார்கள். செய்தி நாடெங்கும் போனது, வசதி வந்தது. சட்டத்தின் கணக்கைச் சரிசெய்ய வேண்டிய பல்கலைக்கழகங்கள் பின்னர் பெண்கள் ரோயிங் அணிகளைப் பெரிதாக உருவாக்கின. ஒரே அணியில் நிறையப் பேரைச் சேர்க்க முடிந்தது அதற்கு ஒரு காரணம். கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ 1997 முதல் பெண்களுக்கு ரோயிங் சாம்பியன்ஷிப் நடத்துகிறது. அங்கே சேர்ந்த பெண்களில் பலர் அதற்கு முன் துடுப்பைத் தொட்டதுகூட இல்லை. முதலில் விதி வந்தது, ஆட்கள் அதன் பின்னால் வந்தார்கள்.

இன்னொரு வாதம் சற்று நுட்பமானது. நியாயம் என்பது திறனைப் பற்றியது என்றால் ஏன் ஆண், பெண் என்று எண்ண வேண்டும்? ஒவ்வொருவரின் திறனையும் பயிற்சி இயந்திரத்தில் அளந்து, கூட்டுத்தொகைக்கு ஒரு வரம்பு வைத்துவிடலாமே என்று கேட்கிறார்கள். காகிதத்தில் இது அழகான யோசனை. ஆனால் அளவீட்டு நாளில் குறைவாக இழுத்துவிட்டுப் பந்தய நாளில் முழு பலத்தோடு இழுப்பதை எந்த நடுவராலும் தடுக்க முடியாது. உடலை அளந்து பிரிவு உண்டாக்கியதில் ரோயிங்குக்கு ஏற்கெனவே அனுபவம் இருக்கிறது. எடை குறைந்தவர்களுக்கான ‘லைட்வெயிட்’ பிரிவு 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்கு வந்தது. ஆண்களுக்கு 72.5 கிலோ, பெண்களுக்கு 59 கிலோ மேல் எல்லை. அணியின் சராசரி அதைவிடக் குறைவாக, 70, 57 என்று இருக்க வேண்டியிருந்தது. பெரிய உடல் இல்லாதவர்களுக்கும் வாய்ப்பு என்ற நல்ல எண்ணத்தில் வந்த பிரிவு அது. நடைமுறையிலோ இயல்பான எடை அதைவிடக் கூடுதலாக உள்ளவர்கள் பட்டினி கிடந்தும் வியர்த்தும் எடை குறைத்து உள்ளே நுழைந்தார்கள். 2024 பாரிஸோடு அது ஒலிம்பிக்கில் முடிந்துவிட்டது. ஆண், பெண் என்று தலையை எண்ணுவது முரட்டு அளவுகோல்தான். ஒரு பெண்ணைவிட வலிமை குறைந்த ஆண்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் அந்த எண்ணிக்கையை யாரும் பட்டினி கிடந்து மாற்ற முடியாது, ஒரு நாளைக்குக் குறைத்துக் காட்டவும் முடியாது. மாஸ்டர்ஸ் போட்டிகளில் வயதை வைத்துப் பிரிப்பதும் இதுபோல் முரடான கணக்கே. ஐம்பது வயதில் முப்பது வயதுக்காரரை வெல்பவர் இருப்பார். அதற்காக யாரும் வயதுப் பிரிவைக் கைவிடச் சொல்வதில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது மூன்றாவது வாதம். கலப்புப் படகில் ஆண்கள் இழுக்க, பெண்கள் சவாரி செய்கிறார்கள் என்பது. இது கணக்கிலேயே தவறு. எல்லா அணியிலும் நான்கு ஆண்கள் கட்டாயமாக இருக்கும்போது, வலுவான ஆண்கள் இருப்பது யாருக்கும் தனிச் சலுகை ஆகாது. எதிரிப் படகிலும் அதேபோல் நான்கு ஆண்கள் உண்டு. பெண்கள் அணியை அக்கறையோடு வளர்த்த நாடும், பெயருக்கு வைத்திருந்த நாடும் அங்கேதான் பிரிந்து தெரியும். தடகளத்திலும் நீச்சலிலும் இதைக் கண்ணால் பார்த்தோம். 2019 தோஹா உலகத் தடகளத்தில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் ஓடும் வரிசை அணிகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. போலந்து முதல் இரண்டு கட்டங்களுக்கு ஆண்களை ஓடவிட்டுப் பெரிய முன்னிலை எடுத்து, கடைசியில் ஆண்களை வைத்திருந்த அணிகளிடம் அதை இழந்தது. பிறகு ஆண், பெண், ஆண், பெண் என்று வரிசையை விதியே நிர்ணயித்தது. டோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடர் நீச்சலில் அமெரிக்கா தன் மிக வேகமான வீரர் கேலப் டிரெஸ்ஸலைக் கடைசிக் கட்டத்துக்கு வைத்தது. அவர் குதிக்கும்போதே இடைவெளி எட்ட முடியாததாகிவிட, அமெரிக்காவுக்கு ஐந்தாம் இடம் கிடைத்தது. ஒரு பெரிய வீரர் மொத்த அணியையும் சுமந்துவிடுவார் என்ற நம்பிக்கை அங்கேயே உடைந்தது. தொடர் ஓட்டத்தில் ஒவ்வொருவர் நேரமும் பலகையில் தெரிகிறது. படகில் எட்டுப்பேரும் ஒரே நொடியில் இழுப்பதால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று வெளியே தெரிவதில்லை. சவாரி என்ற பேச்சு பிழைத்திருப்பது இதனால்தான். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் முதன்முறையாக நடந்த ‘பிஆர்3’ பிரிவின் கலப்பு இரட்டையரில் இந்தியாவின் அனிதாவும் நாராயணா கொங்கணபள்ளியும் எட்டாவது வந்தார்கள். இருவரும் ஒரு காலை இழந்தவர்கள். இருவர் மட்டுமே இருக்கும் படகில் ஒருவர் தாளம் தவறினாலும் படகு தயங்கிவிடும். அங்கே யார் யாரைச் சுமக்க முடியும்?

பெண்களின் எண்ணிக்கைக்கு மேல் வரம்பும் வேண்டுமா? வேண்டாம் என்றே நினைக்கிறேன். சரிபாதி என்று இறுக்கமாகச் சொல்வதைவிட ‘பாதிக்குக் குறையாமல்’ என்று சொல்வது கழக அளவில் நல்லது. ஐந்து பெண்களும் மூன்று ஆண்களும் உள்ள அணியால் யாருக்கும் அநியாயம் இல்லை. வலிமைக் கணக்கில் பின்னால் நிற்கத் தெரிந்தே வருகிறார்கள். உலகப் போட்டிகளில் எல்லோரும் சரிபாதியில்தான் நிற்பார்கள், உள்ளூரிலோ அந்தச் சிறு தளர்வு கூடுதலாக ஒரு பெண்ணுக்கு இடம் தரும். யார் எங்கே உட்காருவது என்பதையும் தடகளம் செய்ததுபோல் விதி கட்ட வேண்டியதில்லை. எட்டுப்பேர் படகில் ஒருவருக்கு ஒரு துடுப்புதான், பக்கத்துக்கு நான்கு. ஆண்கள் எல்லோரும் ஒரு பக்கம் இருந்தால் படகு வளைந்துவிடும் என்பதால் இருபுறமும் சமமாகப் பிரிவது தானாக நடக்கும். நடு இருக்கைகளில் பலசாலிகளும், முனையில் எடை குறைந்த நுட்பக்காரர்களும் உட்காருவது வழக்கம். எல்லோருக்கும் தாளம் வகுக்கும் ‘ஸ்ட்ரோக்’ இருக்கைக்கு ஒரு பெண் வருவதா, ஆண் வருவதா என்பது பயிற்சியாளரின் அறிவுக்கு உரியது. எண்ணிக்கையை விதி பார்த்துக்கொள்ளட்டும்.

விதி கவனிக்க வேண்டிய இன்னோர் இடம் மாற்று ஆள். பந்தய நாளின் காலையில் நான்கு பெண்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? ‘தவிர்க்க முடியாத சூழலில் ஆணைச் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று இரக்கத்தோடு ஒரு வரி எழுதிவிட்டால், முன்னே பார்த்த 25 மீட்டர் முழுவதும் அந்த வரியின் வழியாக நுழைந்துவிடும், காய்ச்சல்களும் பெருகும். பெண்ணுக்கு மாற்று பெண்தான் என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் நான்கு பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியாளரும் நிம்மதியாகத் தூங்க மாட்டார். ஐந்தாவதாக ஒரு பெண்ணையும் அதிகாலையில் வரச்சொல்லி, இரண்டு பக்கத் துடுப்பும் பழக்கி, அணி உடை கொடுத்து, போட்டிக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும்.